மலைச்சரிவில் ஒரு வீடு

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போயிருப்பீர்கள். அதே மலையின் கிழக்குச் சரிவில், தனி ஒருவரின் உழைப்பால் எழுந்த ஒரு வீடு இருக்கிறது, தெரியுமா?

கந்தாசிரமம்!

ரமண மகரிஷி பல ஆண்டுகள் இதே மலையிலுள்ள விரூபாட்ச குகையில் இருந்தார். கோடை வந்தால் அங்கே தண்ணீர்க் கஷ்டம். அதற்கு மேலே, சப்பாத்திக் கள்ளி மண்டிக் கிடந்த ஒரு சரிவு கந்தசாமி என்ற அடியவரின் கண்ணில் பட்டது. கள்ளியை வெட்டினார், பாறைகளைப் புரட்டினார், சரிவைச் சமதளமாக்கி வீடு எழுப்பினார். எப்பேர்ப்பட்ட உழைப்பு! அவர் பெயரே அந்த இடத்துக்கும் நிலைத்தது.

மலைப் பாறையையே முதுகுச் சுவராக வைத்த சின்னஞ்சிறு அறைகள், முன்னால் திண்ணை, பக்கத்தில் ஊற்று, தென்னை நிழல். வாசலில் நின்றால் அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள் அத்தனையும் கீழே தெரியும்.

1916-ல் ரமணர் இங்கே குடிவந்தார். அவருடைய தாயார் அழகம்மாள் அடுப்பு மூட்டி அடியவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் இங்கேதான். 1922-ல் அம்மையார் மறைந்தபின், ரமணர் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்.

அடிவாரத்திலுள்ள ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து கல் பாவிய பாதை நேரே கந்தாசிரமத்துக்குப் போகிறது. காலை வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.