நிற்கத் தெரிந்த கார்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை அமைந்திருக்கும் இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பந்தயத் தடம் ஒன்று 1990 முதல் இயங்கி வருகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிர்வாகத்தில் உள்ள இந்தத் தடத்தில், போட்டிகள் இல்லாத சில நாட்களில், பந்தயக்காரர் என்ற பெயர் எடுக்காத சாதாரண மனிதரும் கட்டணம் செலுத்தி, ஹெல்மெட் அணிந்து, தினந்தோறும் ஆபீசுக்குப் போய்வரும் தம் சொந்தக் காரையே அதன் சக்தி முழுவதையும் பிரயோகித்து ஓட்டிப் பார்க்கலாம். 'டிராக் டே' என்று எல்லோரும் சொல்லும் அந்த நாளில் பரிசு கிடையாது. முந்தியவர், பிந்தியவர் என்ற கணக்கும் கிடையாது. எதிரே லாரி வராத, குறுக்கே ஆள் புகாத ஒரு சாலையில், தம் வண்டியின் சுபாவத்தையும் தம் கைகால்களின் பக்குவத்தையும் அறிந்துகொள்ள ஒருவருக்கு வாய்க்கும் சந்தர்ப்பம் அது. நள்ளிரவில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேகம் காட்டும் இளைஞர்கள் அனைவரும் ஒரு தடவையாவது இங்கே வந்துவிட வேண்டும் என்பது என் மனப்பூர்வமான ஆசை.

அவ்விதம் வருகிற கார்களில், கம்பெனியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருப்பவை உண்டு. சொந்தக்காரரின் விருப்பப்படி மாற்றி அமைக்கப்பட்டவையும் உண்டு. ஒரு போலோவையோ ஸ்விஃப்டையோ பழைய ஹோண்டா சிட்டியையோ வாங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு முதலில் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து, பிறகு ஏர் ஃபில்டரையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றி, அதன் பின் அகலமான அலாய் சக்கரங்களைப் பூட்டி, கடைசியாக வண்டியைத் தரையோடு தாழ்த்திவிடுவது பெரும்பாலோர் கைக்கொள்ளும் கிரமம். ஒரு யந்திரத்தின் மீது இவ்வளவு பிரீதி வைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்; ஆயினும் அந்தக் கிரமத்தைத் தடம் ஒப்புக்கொள்வதில்லை. முதல் டிராக் டேக்குப் போகிற கார் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை அடுத்தடுத்து ஒரே மாதிரி நிற்கும் என்பதே முக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்துக்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் ஸ்தாபிதமான இதே கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தி வந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் பட்டறையில் உருமாறி அங்கே ஓடின. அந்தக் காலத்தின் முன்னணி ஓட்டுநரான கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்னும் சிறிய பந்தய வண்டியை உருவாக்கினார். தெருவில் ஓடிய மாருதியில் அந்த எஞ்சின் தந்தது ஏறக்குறைய 40 குதிரைத்திறன்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், தம் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த வண்டியில், இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில். சக்தி குறைந்த வண்டி ஓட்டுநரின் பிழையை மூடி மறைக்காது. வளைவில் அநாவசியமாக இழந்த வேகத்தை நேர்ச்சாலையில் எஞ்சினின் பலத்தால் மீட்டுவிட முடியாது என்பதால், ஒவ்வொரு வளைவையும் ஒழுங்காக எடுக்கக் கற்பதைத் தவிர அதில் வேறு மார்க்கமே இல்லை.

தடம் வண்டிக்கு வைக்கும் பரீட்சை உஷ்ணத்தால் வைக்கும் பரீட்சை. ஓட்டுகிறவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையின் முடிவுக்கு வந்து, வளைவில் திரும்புவதற்காக 60 கிலோமீட்டருக்குத் தணிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு விநாடிகளுக்குள் அது இழக்கும் இயக்க சக்தி சுமார் 875 கிலோஜூல். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுபோக அது போதும். பிரேக் பிடிக்கையில் பளு முன்பக்கம் சாய்கிற காரணத்தால், அந்த உஷ்ணத்தில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளில் போய் இறங்குகிறது. நகரத்துச் சாலையில் இவ்வளவு கடுமையாகப் பிரேக் பிடிக்க நேருவது எப்போதோ ஒரு தடவை. பிறகு டிஸ்க் ஆறுவதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடும். தடத்திலோ அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். அதற்கடுத்த வளைவும் தூரத்தில் இல்லை. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ரீமேப்பின் பயனாக நேர்ச்சாலை முடிவில் வேகம் 160 ஆனால், அந்த ஒரு பிரேக்கில் பிறக்கும் உஷ்ணம் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். எஞ்சினுக்குச் செலவழித்து பிரேக்கைத் தொடாமல் விட்ட காரில் இந்த அதிகப்படி உஷ்ணம் எங்கே போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அது போகும் இடங்களில் மிக ஆபத்தானது பிரேக் ஆயில். சாதாரணமாக நம் கார்களில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 ரகங்களுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை முறையே குறைந்தது 205 பாகை, 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது நிர்ணயம். ஆனால் அந்த ஆயிலின் சுபாவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வது. ஈரம் ஏறிய டாட் 4 ஆயிலுக்கு நிர்ணயித்திருக்கும் அளவோ 155 பாகைதான். கடலோர நகரத்தில் இரண்டு மூன்று வருஷம் மாற்றாமல் ஓடிய ஆயில், தடத்தின் உஷ்ணத்தில் குழாய்க்குள்ளேயே கொதித்து, ஆவிக் குமிழிகளை உண்டாக்கிவிடும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆகையால் பெடல் எதிர்ப்பின்றித் தரை வரை இறங்கி, வண்டி நிற்காமல் போகும். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பிரேக் பேட் தன் உஷ்ண எல்லையைத் தாண்டிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டு அடையாளங்களையும் வேறுபடுத்தி அறிந்து, எது தென்பட்டாலும் உடனே வேகத்தைத் தணித்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, தடத்தின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்தும் இடமான பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். புறப்படுவதற்குச் சில தினங்கள் முன்னதாகப் பழைய பிரேக் ஆயிலை அடியோடு வெளியேற்றி, சீல் உடைக்காத புது டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலை நிரப்பி, பாதிக்கு மேல் தேய்ந்த பேட்களை மாற்றிவிட்டால், எந்த ரீமேப்பும் தராத நன்மையை மிகச் சொற்பச் செலவில் பெற்றுவிடலாம். பெயரில் ஒன்றுபோல் தோன்றும் டாட் 5 என்பது சிலிகோன் ரகம். இவற்றோடு அது கலக்கவே கூடாது.

வண்டியைத் தாழ்த்தும் விஷயத்திலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தகுந்த ஷாக் அப்சார்பர்களோடு சேர்த்து அமைத்த ஸ்பிரிங்குகளால் வண்டி வளைவில் சாய்வது குறைந்து, ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். ஆனால் இருக்கிற ஸ்பிரிங்கையே பட்டறையில் இரண்டு சுற்று வெட்டித் தாழ்த்திய காரில், சிறு மேட்டில் ஏறினாலும் சஸ்பென்ஷன் அடிவரை போய் இடித்துவிடுகிறது. இடித்த கணத்தில் அந்தச் சக்கரம் பிடிப்பை இழந்து, வளைவின் நடுவில் வண்டி முன்னறிவிப்பின்றி வழுக்கும். ஸ்பிரிங் வெட்டிய காரைத் தடத்துக்குக் கொண்டுவருவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டயர் விஷயத்தில் பிராண்டைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். காலையில் 30 பாகை உஷ்ணத்தில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயருக்குள், சில சுற்றுகளுக்குப் பின் காற்று 80 பாகையை எட்டினால் அழுத்தம் 40-ஐ நெருங்கிவிடும். டயரின் நடுப்பகுதி உப்பி, சாலையைத் தொடும் பரப்பு குறைந்து, பிடிப்பும் குறையும். ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து வந்தவுடனே, சூடு ஆறுவதற்கு முன்பே, அளந்து பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்குவது வழக்கம். எஞ்சின் ஆயிலை மேல் கோட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்; அளவு குறைந்திருந்தால், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச, எஞ்சினின் பேரிங்குகள் உலர்ந்துபோகும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவது, பேட்டரி அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, இழுப்பதற்கான கொக்கியை முன்கூட்டியே மாட்டுவது, காருக்குள் உருளக்கூடிய தண்ணீர் பாட்டிலிலிருந்து ஸ்டெப்னி வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பது ஆகியவற்றை வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனால் நிதானமாகச் செய்யலாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. தடம் தனியார் இடமாக இருந்தாலும், அங்கே போய்ச் சேரும் வழி பொதுச்சாலை. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்திலும் வேகப் பரீட்சையிலும் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்காது.

டிராக் டே அன்று காலையில் முதலில் நடப்பது விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடி அபாயத்தையும் முந்தக்கூடாது என்பதையும், சிவப்புக் கொடி ஓட்டம் நிறுத்தப்பட்டதையும், நீலக் கொடி பின்னால் வேகமான கார் வருவதையும், மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக உள்ள கொடி சாலை வழுக்குவதையும் அறிவிக்கும் என்பதை அங்கேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். முந்த விரும்புகிறவருக்கு நேர்ச்சாலையில் கையைக் காட்டி வழிவிடுவதில் எந்த அவமானமும் இல்லை. ஓட்டங்கள் வழக்கமாகப் பதினைந்து இருபது நிமிஷம் நீளும். முதல் ஓட்டத்தில் வேகத்தை மறந்து, ஒவ்வொரு வளைவிலும் கொடி காட்டும் மார்ஷல் எங்கே நிற்கிறார், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு அடையாளமாக எதைக் கொள்ளலாம், சாலை எங்கே மேடாகிறது என்று பார்ப்பது நல்லது. பிரேக் பிடிப்பதைச் சக்கரம் நேராக இருக்கும்போதே முடித்துக்கொண்டு, பிறகு திருப்பி, உள் ஓரத்தைத் தொட்டு, வண்டி நேராக நேராக ஆக்ஸிலரேட்டரைச் சிறுகச் சிறுக அழுத்தி, வெளி ஓரம் வரை அதைப் போகவிடுவதே அடிப்படை முறை. டயருக்கு உள்ள பிடிப்பு ஒன்றுதான்; பிரேக்குக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வசதியிருந்தால், புது எக்ஸாஸ்ட்டுக்கு வைத்திருந்த பணத்தைத் தயங்காமல் அவருக்குக் கொடுக்கலாம்.

மூன்று நான்கு சுற்று வேகமாக ஓட்டியபின் ஒரு சுற்று மெதுவாக வந்து எல்லாவற்றையும் ஆறவிடுவது நல்லது. பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கக்கூடாது. கொதிக்கும் டிரம்மோ டிஸ்க்கோ அந்த இறுக்கத்தில் ஒரே இடத்தில் சூடு தேங்கிக் கோணலாகக்கூடும். கியரில் போட்டுக் கட்டை வைத்தால் போதும். டர்போ எஞ்சினைச் சிறிது நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஓட்டுகிறவரின் உடலும் இந்த உஷ்ணத்துக்கு விலக்கல்ல: ஏசியை அணைத்து, ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டும்போது, தாகம் தெரிவதற்கு முன்பே கவனம் சிதறத் தொடங்கிவிடும். பிற்பகலின் கடைசி ஓட்டத்தில் களைப்பு தெரிந்தால், கட்டணம் வீணாகிறதே என்று பாராமல் அதை விட்டுவிடுவது உத்தமம்.

வீடு திரும்புமுன் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கி, பேட் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்து, ஸ்டெப்னியை அதன் இடத்தில் வைக்க வேண்டும். நாள் முழுவதும் வேகத்தில் பழகிய கண்ணுக்கு நெடுஞ்சாலையில் 80 என்பது 50 போலத் தோன்றும். ஆகையால் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தே ஓட்ட வேண்டும். பகலில் சூட்டோடு இறக்கிய காற்று, மறுநாள் காலையில் டயர் குளிர்ந்தபின் அளந்தால் மிகவும் குறைந்திருக்கும். ஆபீசுக்குப் புறப்படுமுன் பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரங்களுக்கும் பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும்.