பெருசா மாட்டுற கொடுவா எல்லாம் ‘அம்மா’ மீன்: மரக்காணம் பக்கம் தூண்டில் ட்ரிப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

சனிக்கிழமை விடியற்காலை. இசிஆரில் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் உப்பளப் பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் தெரிய ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காரின் பின்சீட்டில் ராட், ரீல், ரப்பர் மீன் மாதிரி ரெண்டு லூர், ஐஸ் பெட்டி. வருஷத்துக்கு ஒருமுறையாவது நண்பர்களோடு இப்படிக் கிளம்புகிறவர்கள் தேடி வருவது பெரும்பாலும் ஒரே மீனைத்தான்: கொடுவா.

கேரளாவில் இதே மீன் காளாஞ்சி, வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. கழிமுகத்தில் வேர், பாறை, பாலத்தூண் என ஏதாவது ஒன்றின் நிழலில் அசையாமல் நிற்கும். மடவைக் குஞ்சோ இறாலோ பக்கத்தில் வந்தால் ‘டப்’பென்று வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எகிறிக் குதித்துத் தலையை உதறும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள்.

சரி, இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? இருக்கிறது. இந்த மீனின் உடம்புக்குள் நடக்கிற ஒரு விஷயம், அதைப் பிடிக்கிறவர்கள் பலருக்குத் தெரியாது.

ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறும்

கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வருகிறது, சுமார் மூன்று, நான்கு வயதில். சில வருடங்கள் ஆணாகவே இருந்துவிட்டு, உடம்பு 85 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் என்று நீளும் காலத்தில் பெண்ணாக மாறிவிடும். இடத்துக்கு இடம் இந்த அளவு கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் ஒன்று நிச்சயம்: ஸ்டேட்டஸ் போடுகிற அளவுக்குப் பெரிய கொடுவா என்றால் அது அநேகமாகப் பெண். ஒரு பெரிய பெண் மீன் ஒரே பருவத்தில் கோடிக்கு மேல் முட்டைகள் போடும்.

இனப்பெருக்கம் நடப்பது ஆற்றுவாய், கடல் பக்கம். குஞ்சுகள் அலையோடு கழிமுகத்துக்குள் வந்து வளரும். மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிற எடையன்திட்டு கழிமுகம், அதிலிருந்து கழுவெளி ஏரிக்குப் போகிற உப்பங்கழி எல்லாம் இப்படிப்பட்ட குஞ்சுகளுக்கான தொட்டில். பெரிய மீன்களை மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டே இருந்தால் மிஞ்சுவது எல்லாம் ஆண்கள்தான். அந்த ஆண் பெரிதாகிப் பெண்ணாக மாற இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அதுவும் மாட்டாமல் இருக்க வேண்டும்!

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள்?

வட அமெரிக்காவின் வடக்கு ஏரிகளில் இந்த வருடாந்திரப் பயணம் ஒரு திருவிழா மாதிரி. பைக், மஸ்கி, வால்ஐ என்ற மூன்று மீன்களுக்காக அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். பைக்கும் மஸ்கியும் நம்ம கொடுவா மாதிரியே ஒளிந்திருந்து பாய்கிற ரகம். மஸ்கிக்கு ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்று செல்லப் பெயர், அத்தனை தடவை தூண்டில் வீசினால்தான் ஒன்று கிடைக்குமாம்.

அங்கே பாலினம் மாறுகிற கதை இல்லை. ஆனாலும் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால் விதிகள் கடுமை. மினசோட்டா மாநிலத்தில் 54 அங்குலத்துக்குக் குறைவான மஸ்கியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, அதாவது கிட்டத்தட்ட 137 சென்டிமீட்டர். லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியின் மினசோட்டா பகுதியில் 19.5 முதல் 28 அங்குலம் வரையிலான வால்ஐ மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டாக வேண்டும். சின்னதைச் சாப்பிடு, முட்டை போடுகிற அளவில் இருப்பதை விடு என்பதுதான் கணக்கு.

கொடுவாவுக்கே நேரடி உதாரணம் வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் எடுக்கக் கூடாது, 120க்கு மேலேயும் எடுக்கக் கூடாது. மேல் வரம்பு அந்தப் பெரிய பெண்களுக்காக.

இங்கே?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எல்லோருக்கும் தெரியும். அது விசைப்படகுகளுக்கானது. கழிமுகக் கரையில் ராடோடு நிற்பவரிடம் வந்து மீனை அளந்து பார்க்கிற ஆள் யாரும் இல்லை. கேரளா 2015இல் 14 வகை கடல் மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பு அளவு நிர்ணயித்தது. அதுவும் கீழ் வரம்புதான்.

இதே தண்ணீரில் வலை வீசுகிற மீனவரிடமும், சேற்றில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் குடும்பங்களிடமும் ‘பெருசை விட்டுடுங்க’ என்று வார இறுதிக்கு வருகிறவர் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு அது அன்றைய அடுப்பு. பொழுதுபோக்குக்கு வருகிறவர்தான் முதலில் விட வேண்டியவர்.

விட்டாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காவிரியைப் பாருங்கள். கிளை நதியான கபினியில் 1946இல் 120 பவுண்டு மஹசீர் தூண்டிலில் சிக்கியது. பின்னாளில் கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில் பிடித்து விடுகிற முறை பல வருஷம் நடந்து, சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று நிறுத்தப்பட்டது. அந்தத் திமில் மஹசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல், அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கிற இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அணை, வெடி வைத்துப் பிடிப்பது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹசீர் வகை எனக் காரணங்கள் பல.

கிளம்புவதற்கு முன்

மரக்காணம் பக்கம் எல்லா நீரும் ஒன்றல்ல. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. சரணாலய எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது சட்டச் சிக்கல். எல்லை எது என்று தெரியாவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, கூகுள் மேப்பை நம்ப வேண்டாம்.

பெரிய கொடுவா மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பான மேல்பூச்சை உரித்துவிடும். வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டு போஸ் கொடுத்தால் தாடையும் உள்ளுறுப்புகளும் அடிபடும், அடிவயிற்றிலும் ஒரு கை இருக்கட்டும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி, அங்கே விரலை விடாதீர்கள். கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே பிளையரால் நசுக்கி வைத்திருந்தால் சட்டென்று கழற்றலாம். ஃபோட்டோவுக்கு ஒருவர் கேமராவோடு ரெடியாக இருந்த பிறகே தண்ணீரை விட்டுத் தூக்குங்கள்.

மத்தியான சாப்பாட்டுக்கு கொடுவா வறுவல் வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இலேயே இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. பண்ணையில் ஒரு கிலோ எடையில் அறுவடையாகிற கொடுவா, இன்னும் பெண்ணாக மாறாத வயசு.