நேர்முகப் பரீட்சையும் அவையறிதலும்

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பணித்தபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர். படுவான்கரைக் கிராமமொன்றிற் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் அவர். தமிழிற் சிறப்புப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகமொன்றில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதத்தைக் கையிற் பிடித்தபடி ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டு வாயிலில் வந்து நின்று, "சேர், உள்ளே போனதும் நான் என்ன செய்யவேணும்?" என்று வினவினார்.

தொல்காப்பியத்தில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை கூறியிருப்பேன். இவ்வெளிய வினா என்னைச் சற்று நேரம் வாய்மூடி நிற்கச் செய்தது. கற்றோர் வீட்டுப் பிள்ளை, அவையிற் புகும் முறையையும் உரையாடும் முறையையும் வீட்டிலேயே கண்டு கற்றுக்கொள்கின்றது. வயலிலும் வாவியிலும் உழைப்போர் வீட்டுப் பிள்ளைக்கு அதனைக் கற்பிப்பார் யார்? பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அறிவிற் குறைவில்லாதிருந்தும் இம்முறை அறியாமையாற் பின்தங்கியவர் சிலரை யான் அறிவேன். ஆதலின், அன்று அவருக்குக் கூறியவற்றையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். நேர்முகப் பரீட்சை மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று கருதுவோர் உளர். அவையின்முன் நின்று தன் கல்வியை விளக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவையின் இயல்பை அறிதல் முன்னதாகவும், அஞ்சாமை பின்னதாகவும் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. அவையை அறியாதவனுடைய அஞ்சாமை துணிச்சலாகுமேயன்றித் துணிவாகாது.

இனி, விண்ணப்பிக்குங் காலத்திற் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கைக் கூறுவேன். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் தம் நிறுவனத் தலைவர் வாயிலாகவே விண்ணப்பம் அனுப்புதல் விதி. சிலர் இதனை வெறும் சடங்கென எண்ணி, அதிபருக்குத் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் இடர்ப்படுவர். இவ்விடத்து உ. வே. சாமிநாதையரின் வரலாறு நினைவுகூரத்தக்கது. 1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற முற்பட்டபொழுது, தம்மிடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் எனக் கருதினார். ஐயரோ திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்திருந்தவர். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு முதலில் அவரை விட மனமில்லை. ஆயினும் தேசிகரின் இசைவைப் பெற்ற பின்னரே ஐயர் கும்பகோணம் சென்றார். பழைய இடத்தின் வாழ்த்தோடு புதிய இடத்துக்குச் செல்லும் அப்பண்பே, நிறுவனத் தலைவர் வாயிலாக என்னும் விதியின் உயிராகும். செட்டியாரின் சொல் இருந்தும், ஐயரின் புலமை கல்லூரியிற் பரீட்சிக்கப்பட்ட பின்னரே பதவி அளிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. தகுதி அறிந்த ஆசிரியர் ஒருவர் பரிந்துரைத்தல் வேறு. தகுதியைப் பாராது செல்வாக்குடையோர் வீட்டுக்கு நடந்து சிபாரிசு தேடுதல் வேறு. பின்னது விண்ணப்பதாரிக்கும் இழுக்கு, குழுவினருக்கும் இழுக்கு.

சான்றிதழ்களின் மூலங்களையும் பிரதிகளையும் கடிதத்திற் கேட்ட ஒழுங்கிலேயே அடுக்கிக் கொண்டு செல்க. செல்லும் நிறுவனத்தையும் அறிந்து செல்க. வந்தாறுமூலையிற் பதவி வேண்டிச் செல்பவர், அங்கு 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றதும், அது 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் தெரியாமற் செல்லலாமா? தாம் சேர விரும்பும் துறையில் எப்பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன, அங்குள்ளோர் எவ்வாய்வுகளைச் செய்கின்றனர் என்பவற்றை முன்னரே படித்தறிதல் மரியாதையின் முதற்படியாகும்.

காலந்தவறாமை பற்றி என் பிழையையே எடுத்துக்காட்டாகக் கூறுவேன். எனது முதல் நேர்முகப் பரீட்சைக்கு நான் முக்கால் மணி நேரம் பிந்திச் சென்றேன். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன் நடந்தது அது. பாதைக்குக் காத்துநின்றதையும் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியதையும், உள்ளே புகுந்தவுடனே முறைப்பாடு போலச் சொல்லத் தொடங்கிவிட்டேன். காரணம் உண்மையானதே. ஆயினும், பிந்தியமைக்கு வருந்துகின்றேன் என்னும் சொல்லன்றோ முதலில் வந்திருக்கவேண்டும்? பாதை பிந்தும் என்பது வாவிக்கரையிற் பிறந்த எனக்குத் தெரியாததன்று. முதல் நாளே சென்று உறவினர் வீட்டில் தங்கியிருக்கலாம். அப்பதவி எனக்குக் கிடைக்கவில்லை; அதற்காக நான் எவரையும் நோகவில்லை.

அறையினுட் புகும்போது அனுமதி பெற்றுப் புகுதல், தலைவரையும் ஏனையோரையும் வணங்குதல், இருக்கச் சொன்ன பின் இருத்தல், கைத்தொலைபேசியை முன்னரே நிறுத்திவைத்தல் ஆகியன யாவரும் அறிந்தவை. உடை தூயதாயும் எளியதாயும் இருந்தாற் போதும், விலையுயர்ந்ததாய் இருக்கவேண்டியதில்லை. ஒருவர் வினவினாலும் விடை அவைக்கு உரியது. ஆதலின் யாவரையும் நோக்கி விடை கூறுக. ஆங்கிலத்தில் வினவும்போது தடுமாற்றம் நேர்ந்தால், தமிழில் விளக்க அனுமதி கேட்பதில் இழுக்கில்லை. தெரியாத மொழியைத் தெரிந்ததுபோற் காட்டுவதே இழுக்கு.

வினாவையும் விடையையும் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் கூறப்புகுந்தால் நன்னூலை நாடாதிருத்தல் இயலாது. பவணந்தி முனிவர் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். பரீட்சைக்காக மனனம் செய்து மறந்துவிட்ட இப்பகுப்பு, நேர்முகப் பரீட்சையிற் பெரிதும் பயன்படும்.

குழுவினர் வினவுவன பெரும்பாலும் அறிவினா. விடையைத் தாம் அறிந்திருந்தும், நம் அறிவை அளத்தற்கு வினவுகின்றனர். இதற்கு விடை சுருக்கமாயும் திட்பமாயும் இருத்தல் வேண்டும். ஆனால், குழுவிற் பிற துறையினரும் இருப்பர். பொருளியற் பேராசிரியர் ஒருவர், "உமது ஆய்வு எதைப்பற்றியது?" என வினவினால் அஃது அறியாவினா. அவர் மெய்யாகவே அறிய விரும்புகின்றார். அவருக்குக் கலைச்சொற்களை அடுக்காது, ஊரில் ஒரு பெரியவருக்குச் சொல்வதுபோல் எளிமையாக விளக்குக. நாம் கூறியதில் தெளிவின்மை கண்டு, இதுவோ அதுவோ என வினவுவது ஐயவினா. இதனைத் தாக்குதல் என்று கருதிச் சினங்கொள்வோர் பலர். ஐயத்தைத் தீர்ப்பதே ஆசிரியத்தொழில். ஐயவினாவுக்கு முகங்கோணுபவர் வகுப்பில் மாணவரின் ஐயத்தை எவ்வாறு பொறுப்பார்? ஈற்றில், "எம்மிடம் வினவ ஏதேனும் உண்டா?" என்பர். அப்பொழுது நாம் வினவவேண்டியது அறியாவினா. கற்பிக்க வேண்டிய பாடங்கள் யாவை, நூலக வசதி எத்தகையது என்பன போல்வன தக்கவை. நம் புலமையைக் காட்டுதற்காகக் குழுவினரை அறிவினா வினவுதல் பெரும் பிழை.

விடையையும் நன்னூலார் எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேரே இறுப்பவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வளைத்து விடையாவன. "நீர் ஆய்வுக்கட்டுரை எதுவும் வெளியிட்டுள்ளீரா?" என்ற வினாவுக்கு, நேரம் கிடைக்கவில்லை என்பது உற்றதுரைத்தல். இனிமேல் எழுதுவேன் என்பது உறுவது கூறல். கட்டுரைப் போட்டியிற் பரிசு பெற்றேன் என்பது இனமொழி. அதற்கும் காலம் வரவேண்டாமா எனத் திருப்பிக் கேட்பது வினாதல். இவையெல்லாம் இலக்கணப்படி விடைகளே. ஆயினும் நேர்முகப் பரீட்சையில், உண்மையை மறைக்கும் திரைகளாகவே அவை தோன்றும். இன்னும் வெளியிடவில்லை என்று முதலில் மறைவிடை கூறுக. அதன்பின் ஏனையவற்றைக் கூறினால் அவற்றுக்கும் மதிப்புண்டாகும்.

இல்லை என்று சொல்லும் துணிவு எத்துணைப் பெரும் பயன் தரும் என்பதற்கும் சாமிநாதையரே சான்று. கல்லூரிப் பதவியை ஏற்ற அதே ஆண்டு, ஒக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அடுக்கினார். முதலியார் அவற்றாற் பெரிதும் மகிழ்ந்தாரல்லர். சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். கற்றதாகப் பாவனை செய்யாமல், நூல் கிடைக்காமையாற் கற்கவில்லை, கிடைத்தாற் கற்பேன் என ஐயர் உரைத்தார். பின்னர் முதலியார் தந்த பிரதியைக் கொண்டு தொடங்கிய உழைப்பு, 1887ஆம் ஆண்டிற் சிந்தாமணிப் பதிப்பாய் நிறைவெய்தியது. அன்று அவர் தெரிந்தவர்போல் நடித்திருப்பின், அப்பிரதி அவர் கைக்கு வந்திருக்குமா?

பாடம் நடத்திக் காட்டுமாறு பணித்தால், தந்த நேரத்துள் ஒரு கருத்தை மட்டும் முழுமையாகக் கற்பித்து முடிக்க. குழுவினரைப் பரீட்சகராகக் கருதாது, மாணவராகக் கருதிக் கற்பித்தால் அச்சம் தானே அகலும். முடிந்தபின் நன்றி கூறி எழுந்து வருக. முடிவை அறியத் தொலைபேசியிற் பலரையும் நச்சரித்தல் தகாது. பதவியை ஏற்றுக்கொண்டு, பின்னர் சொல்லாமற் கைவிடுதல் அதனினும் தகாது; அவ்விடத்துக்குக் காத்திருக்கும் இன்னொருவரின் வாழ்வும் அதில் அடங்கியுள்ளது.

நிற்க. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று மேசையின் மறுபுறத்தில் அமர்ந்திருப்பவர்கள். அதிபர்களாயும் பேராசிரியர்களாயும் பணிப்பாளர்களாயும் விளங்குகின்றீர்கள். ஒழுக்கமுறை விண்ணப்பதாரிக்கு மட்டும் உரியதன்று. நான் சென்ற மற்றொரு நேர்முகப் பரீட்சையில் ஒருவர் என் விடையைக் கேளாது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்; இன்னொருவர் என் ஊர்ப்பெயரைக் கேட்டு நகைத்தார். வினாக்கள் யாவும் மறந்துபோயின. அந்நகைப்பு மட்டும் மறக்கவில்லை. குறித்த நேரத்தில் தொடங்குங்கள். சாதி, சமயம், திருமணம், தந்தையின் தொழில் ஆகியவற்றை வினவாதீர்கள். தெரியாது என்பவரை எள்ளாதீர்கள். தெரிவு செய்யாதவருக்கும் முடிவை அறிவியுங்கள். உங்கள் முன் நடுங்கும் கையோடு சான்றிதழை நீட்டுபவர், நீங்கள் இருந்த வாங்கிலேயே இருந்து படித்தவராய் இருக்கலாம்.

காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், கொழும்பிற் பயிற்சி பெற்று ஆசிரியராய்ப் பணிபுரிந்தவர். அவரே விபுலாநந்த அடிகளாராகி, 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். இம்மண்ணிலிருந்து அவ்வுயர்பீடத்துக்கு வழியுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

என் மாணவருக்கு அம்முறை பதவி கிடைக்கவில்லை. ஆயினும் மறுநாள் மாலை வந்தபொழுது அவர் முகம் வாடியிருக்கவில்லை. "ஒரு நூலைப் பற்றிக் கேட்டாங்க, சேர். படிக்கேல்ல எண்டு நேராச் சொல்லிட்டன். அத எடுத்துப் படிக்கச் சொல்லி ஒரு பேராசிரியர் பதிப்பு விபரமெல்லாம் எழுதித் தந்தார்" என்று ஒரு துண்டுக் கடதாசியைக் காட்டினார். இப்பொழுது அவர் படுவான்கரைப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டு, அந்நூலையும் படித்து முடித்துவிட்டார். அடுத்த விண்ணப்பத்தைத் தம் அதிபர் வாயிலாகவே அனுப்பியிருக்கின்றார்.