சிரிக்கத்தானா அவர்கள்?

மாலையில் விளக்கு வைத்த கையோடு டி.வி.யையும் போட்டு விடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகி விட்டது. அடுப்பு வேலை, பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப் பாடம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சீரியலில் மருமகளைக் கொடுமைப்படுத்தினால் கண்டித்துக் கடிதம் எழுதுகிறோம். குடிக்கிற காட்சி வந்தால் எழுதுகிறோம். ஆபாசப் பாட்டு வந்தால் சட்டென்று சேனலை மாற்றுகிறோம். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் நாம் வாயைத் திறப்பதில்லை. திருநங்கைகளையும், பெண் சாயல் கொண்ட ஆண்களையும், ஆணிடமே மனம் போகிற ஆண்களையும் நம் சின்னத்திரை எப்படிக் காட்டுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

‘இதெல்லாம் குடும்பப் பெண்கள் பேசுகிற விஷயமா?’ என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கலாம். குடும்பப் பெண்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

காமெடிக் காட்சிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பவர், குண்டாக இருப்பவர், திக்கித் திக்கிப் பேசுபவர், நெளிந்து நடக்கும் ஆண் இந்த நாலு பேரை வைத்துத்தான் காலங்காலமாகச் சிரிப்பு மூட்டுகிறார்கள். பெண்ணாகவே தன்னை உணர்ந்து பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. ஆணாகவே இருந்து, ஆணையே விரும்புகிறவர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர். இருவரும் வேறு வேறு. ஆனால் டி.வி.க்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எல்லாருக்கும் ஒரே லிப்ஸ்டிக், ஒரே கைத்தட்டல், கடைசியில் கதாநாயகன் கையால் ஓர் அறை. 2015-ல் வெளிவந்த ‘ஐ’ படத்தில் ஒரு திருநங்கையையே நடிக்க வைத்து, அவரையே கேலிப் பொருளாக்கினார்கள். திருநங்கைகள் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடினார்கள். தியேட்டரில் ஒரு படம் ஒரு மாதம் ஓடினால் பெரிது. அதே படம் டி.வி.யிலும், அதன் காமெடித் துணுக்குகள் காமெடி சேனல்களிலும் வருஷக்கணக்கில் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக, எங்கள் சொந்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

என் ஒன்றுவிட்ட அக்கா மகளை ராசிபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு லாரி, கிணற்றுத் தோட்டம், கோழிப் பண்ணை. பையனும் தங்கமான குணம். குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் பேச்சு ஆரம்பித்தது. ‘ஏங்கண்ணு, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கோவில் கோவிலாகக் கூட்டிப் போனார்கள். லேடி டாக்டரிடம் காட்டினார்கள். சோதனை, ஊசி, மருந்து எல்லாம் அவளுக்குத்தான். மாமியார் அவளை மலடி என்று சொல்லாத குறை.

மூன்றாவது வருஷம் ஒருநாள் ராத்திரி அந்தப் பையன் அவளிடம் அழுதுகொண்டே சொன்னானாம். “உம்மேல ஒரு குத்தமும் இல்ல புள்ள. எனக்குச் சின்ன வயசிலிருந்தே பொண்ணுங்க மேல மனசு போகல. எங்க வீட்டுல டி.வி.யில அந்த மாதிரி ஆளு வந்தா எங்கய்யன், சித்தப்பன் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ‘இப்பிடி ஒண்ணு எனக்குப் பொறந்திருந்தா வெசம் வெச்சுக் கொன்னிருப்பேன்’னு அம்மா சொல்லும். எனக்கு அப்ப பதினாலு வயசு. அதைக் கேட்டதுக்கப்புறம் நான் எங்கிருந்து வாயத் தொறக்கறது?”

சொல்லாமல் தாலி கட்டியது அவன் செய்த தப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனைச் சொல்ல விடாமல் செய்தது எது? அந்த அம்மா கெட்டவள் இல்லை. டி.வி. காட்டியதைப் பார்த்து, எல்லாரும் சொல்வதைத் தானும் சொன்னாள். பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த தன் மகனைத்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்கு விலை கொடுத்தவள், எங்கிருந்தோ வந்த இன்னொருத்தி பெற்ற பெண். இருவரும் மனம் ஒத்துப் பிரிந்தார்கள். போட்ட நகை திரும்பி வந்தது. போன மூன்று வருஷம் திரும்பி வருமா? இன்று அவள் சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ‘வாழாவெட்டி’ என்று ஊர் இன்னும் அவளைத்தான் பேசுகிறது.

‘ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்’ என்பது நம் பெரியவர்களின் வைத்தியம். இது வியாதி இல்லை, வைத்தியமும் தேவையில்லை என்பதே டாக்டர்கள் சொல்வது. மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு டாக்டர் சிகிச்சை கொடுத்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்து விட்டது. வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது குற்றம் ஆகாது என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் சென்னை ஐகோர்ட்டில் இப்படியொரு வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இதைப் பற்றித் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே உத்தரவு போட்டார். ஐகோர்ட் நீதிபதியே தெரிந்துகொள்ள முன்வரும்போது நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மலையாளத்தில் 2023-ல் ‘காதல் தி கோர்’ என்று ஒரு படம் வந்தது. மம்மூட்டியும் நம் ஜோதிகாவும் நடித்தது. இருபது வருஷம் குடும்பம் நடத்திய மனைவி, கணவன் தேர்தலில் நிற்கும் நேரத்தில் விவாகரத்துக் கேட்கிறாள். கணவனுக்கு ஆணிடம்தான் நாட்டம் என்பது காரணம். அந்தக் கணவன் வேட்டி சட்டை கட்டிக்கொண்டு, சர்ச்சுக்குப் போய்வரும் சாதாரண மனிதர். நெளிசல் கிடையாது, கைத்தட்டல் கிடையாது. மனைவியும் அழுது புலம்பிச் சாபம் விடவில்லை. இருவருமே பொய்யிலிருந்து வெளியே வரட்டும் என்றுதான் கோர்ட்டுக்குப் போகிறாள். கேரள அரசு 2023-ன் சிறந்த படம் என்று அதற்கு விருது கொடுத்தது. இப்படி ஒரு படத்தை அந்த ராசிபுரத்து வீட்டில் பத்து வருஷத்துக்கு முன்பே பார்த்திருந்தால், எங்கள் பெண்ணின் தலையெழுத்து மாறியிருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

நம் தமிழ் டி.வி.யில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008-ல் விஜய் டி.வி.யில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தது. அமெரிக்காவில் போய் இன்ஜினீயரிங் மேல்படிப்புப் படித்து வந்த திருநங்கை ரோஸ், நடுநாயகமாக உட்கார்ந்து குடும்பப் பிரச்னைகளைப் பேசினார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் டி.வி.யில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். அவர் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. செய்தியைத்தான் கேட்டார்கள்.

அதே நேரத்தில் நம் சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினி, போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்து, ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் தடுக்கப்பட்டு, ஐகோர்ட் வரை போராடினார். 2015-ல் தீர்ப்புப் பெற்று, 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்தார். நிஜ வாழ்க்கையில் நம் பக்கத்துத் திருநங்கை காக்கிச் சட்டை போட்டு விட்டார். சீரியலில் அப்படி ஒரு பாத்திரத்தை வைக்க என்ன தயக்கம்?

2019-ல் வந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி ஷில்பா என்ற திருநங்கையாக நடித்து தேசிய விருது வாங்கினார். பெரியவர்கள் எல்லாம் திகைத்து நிற்க, அப்பா வந்து விட்டார் என்ற சந்தோஷத்தில் ஒட்டிக்கொள்கிற அந்தச் சின்னப் பையனை மறக்க முடியாது. ஆனாலும் திருநங்கை வேஷம் என்றால் ஏன் ஆண் நடிகரையே தேடுகிறீர்கள் என்று திருநங்கைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே வருஷம் இங்கே திரைக்கு வந்த ‘பேரன்பு’ படத்தில் அஞ்சலி அமீர் என்ற திருநங்கையே மம்மூட்டியோடு நடித்து, முடியும் என்று காட்டினார்.

‘இப்படியெல்லாம் எடுத்தால் பெண்கள் பார்க்க மாட்டார்கள்’ என்று சீரியல் எடுப்பவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். இந்தியில் கலர்ஸ் டி.வி.யில் ‘சக்தி’ என்ற சீரியலின் நாயகியே ஒரு திருநங்கை மருமகள்தான். 2016-லிருந்து 2021 வரை ஓடியது. நம்மைப் போன்ற பெண்கள் பார்க்காமலா ஐந்து வருஷம் ஓடியிருக்கும்?

கோவையில் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள் இன்னொன்று சொன்னாள். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு டி.வி.யில் மரியாதையான இடம் கிடைக்கவே வெகுகாலம் ஆனதாம். கறுப்பராகவும் தன்பாலின ஈர்ப்பு உள்ளவராகவும் இருந்தால் இரட்டை ஒதுக்கல். 1990-ல் ஃபாக்ஸ் டி.வி.யில் தொடங்கிய ‘இன் லிவிங் கலர்’ என்ற நிகழ்ச்சியில், கறுப்பின நடிகர்களே நெளிந்து குழைந்து அவர்களை நையாண்டி செய்வார்களாம். பிறகு 2002-ல் தொடங்கிய ‘தி வயர்’ தொடரில், ஊரே நடுங்கும் ஒரு முரட்டுப் பாத்திரத்தை அப்படிப்பட்ட ஆணாகக் காட்டினார்கள். 2018-ல் வந்த ‘போஸ்’ தொடரில் திருநங்கைகளே முக்கியப் பாத்திரங்களில் நடித்தார்கள். அதில் நடித்த பில்லி போர்ட்டர், தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன கறுப்பின நடிகர். 2019-ல் சிறந்த நாடகத் தொடர் நடிகருக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது. கேலியிலிருந்து விருதுக்கு வர அங்கே 29 வருஷம் ஆயிற்று. ‘போஸ்’ வருவதற்குப் பத்து வருஷம் முன்பே ரோஸை நடுவில் உட்கார வைத்த ஊர் நம்முடையது. பின்தங்கிப் போகலாமா?

எங்கள் திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண். வேர்க்க விறுவிறுக்கப் படியேறிப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோம். கீழே இறங்கி வந்து டி.வி.யைப் போட்டு, ஆணில் பெண்ணைக் கண்டால் சிரிக்கிறோம்.

சகோதரிகளே, ரிமோட் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வந்தால் சேனலை மாற்றுங்கள். ஏன் மாற்றினோம் என்று பிள்ளைகள் காது கேட்கச் சொல்லுங்கள். டி.வி. திரையில் புகார் அனுப்ப விலாசம் ஓடும். மாமியார் கொடுமைக்கு எழுதுகிற அதே கையால் இதற்கும் நாலு வரி எழுதுங்கள். நல்ல பாத்திரமாகக் காட்டினால் பாராட்டியும் எழுதுங்கள். வயசுக்கு வந்த மகன் கல்யாணம் வேண்டாம் என்று மறுபடி மறுபடி சொன்னால், ஜாதகத்தைக் கையில் எடுக்கும் முன் அவனைத் தனியாக உட்கார வைத்து, “எதுவானாலும் சொல்லு சாமி, அம்மா கோவிச்சுக்க மாட்டேன்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவனுக்காக மட்டும் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் வளர்ந்து நிற்கும் ஒரு பெண்ணுக்காகவும்தான் சொல்கிறேன்.

– ஓர் இல்லத்தரசி, திருச்செங்கோடு.