யார் வரைந்த வழித்தடம், யார் கட்டும் நட்டம்?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் விமான ரிக்கற் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. உல்லாசப் பயணம் போகிறவர்கள் என் கடைக்கு அருமையாகத்தான் வருவார்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் பாரிஸ் போகும் தாய்மார், குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், வைத்தியத்துக்குச் சென்னை போகும் குடும்பங்கள் ஆகியோரே என் வாடிக்கையாளர்கள். ஒரு விமான நிறுவனம் ஒரு வழித்தடத்தை நிறுத்தினால் அது முதலில் இவர்களுடைய தலையில்தான் விழும்.

2016இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பாரிஸ், பிராங்பேர்ட் இரண்டுக்கும் பறப்பதை நிறுத்தியது. கட்டுநாயக்காவில் ஏறிப் பாரிசில் இறங்கிய தாய்மார் அதன்பின் டோஹாவிலோ டுபாயிலோ பிளேன் மாற வேண்டி வந்தது. "தம்பி, நேரா கொண்டுபோய் இறக்கிற பிளேன் இல்லையோ?" என்று கேட்காதவர் இல்லை. தனியாகப் போகும், வேற்று மொழி தெரியாத அம்மாவுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். நன்றாக நடக்கக் கூடியவராக இருந்தாலும் ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுவோம். இறங்கியதும் ஒருவர் வந்து, தள்ளிக்கொண்டுபோய் அடுத்த பிளேனின் வாசலில் விடுவார். முத்தையன்கட்டில் நாள் முழுக்க வயலில் நிற்கிற மனுசி, டோஹாவில் மட்டும் நாற்காலியில் போவார். இறங்கியபின் போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். 2021 கடைசியில் பாரிஸ் சேவை திரும்பவும் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளே எடுத்து, "அம்மாவுக்கு அதிலேயே போடுங்கோ" என்றார்கள்.

நிறைய ஆட்கள் போகிற வழித்தடத்தை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. விமானம் நிரம்பினால் இலாபம் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்களூர் பஸ்ஸுக்கு அது சரி. நின்றுகொண்டு வருகிறவரும் காசு கொடுப்பார். விமானக் கணக்கு வேறு. எரிபொருள், விமானத்தின் மாத வாடகை, பிற நாடுகளின் வான்வெளியைக் கடக்கும் கட்டணம், இறங்கும் கட்டணம், உதிரிப்பாகம் என்று பெருஞ்செலவெல்லாம் டொலரில். அதே பயணியை வளைகுடா நிறுவனங்கள் நிறைய விமானங்களை வைத்துக்கொண்டு, தங்கள் ஊர் வழியாக, குறைந்த விலைக்கு ஏற்றுகின்றன. அவர்களோடு போட்டிபோட விலையைக் குறைத்தால், எல்லா ஆசனமும் நிரம்பிய விமானமும் நட்டத்தில்தான் தரையிறங்கும்.

இது மட்டும் காரணமென்றால் அனுதாபப்பட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இந்த நிறுவனத்தின் வழித்தடங்களைச் சந்தை மட்டும் வரையவில்லை. எயார் சிலோன் மூடப்பட்டபின் 1979இல் எயார் லங்காவாகப் பிறந்த நிறுவனம் இது. 1998இல் எமிரேற்ஸ் பங்கு வாங்கி, பத்து வருட ஒப்பந்தத்தில் நிர்வாகத்தை ஏற்றது. அடுத்த வருடம் பெயரும் ஸ்ரீலங்கன் என்று மாறியது. 2001 யூலையில் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டு விமானங்கள் அழிந்தபோதுகூட நிறுவனம் எழும்பி நின்றது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, காசு கட்டிய பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. அதன்பின் தலைமை நிர்வாகி பீற்றர் ஹில்லின் வேலை அனுமதி பறிக்கப்பட்டது. 2008இல் எமிரேற்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது. பிறகு நட்டமே வழக்கமானது. 2023இல் சேர்ந்திருந்த நட்டம் 600 பில்லியன் ரூபாய்க்கு மேல்.

அந்த நட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 2013இல் மத்தளையில் விமான நிலையம் திறந்தார்கள். ஏறவும் இறங்கவும் ஆள் இல்லாத அந்த இடத்துக்கு ஸ்ரீலங்கன் பறந்தே ஆக வேண்டியிருந்தது. 2015 தொடக்கத்தில் ஆட்சி மாறிய கையோடு அந்தச் சேவை நின்றது. 2007இல் தொடங்கிய இன்னொரு அரச விமான நிறுவனமான மிஹின் லங்கா நட்டப்பட்டு, 2016இல் ஸ்ரீலங்கனின் தலையில் வந்து விழுந்தது. புது ஏ-350 விமானங்களை வாடகைக்குப் பேசி, பிறகு வேண்டாம் என்று கோடிக்கணக்கான டொலர் தண்டம் கட்டினார்கள். எயார்பஸ் விமானக் கொள்வனவில் லஞ்சம் கைமாறிய கதை 2020இல் லண்டன் நீதிமன்றம் வரை போனது. இவற்றில் எந்த முடிவையும் பொதி ஏற்றும் தொழிலாளியோ பணிப்பெண்ணோ எடுக்கவில்லை.

ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தவுடன் கண் போவது சம்பளப் பட்டியலுக்குத்தான். அதற்கொரு காரணம் உண்டு. எண்ணெய் விலையை நிர்வாகம் குறைக்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தை முறித்தால் தண்டம். கை வைக்கக் கூடியது ஊழியர் செலவு ஒன்றுதான். ஏறத்தாழ 6,000 பேர், இருபதை ஒட்டிய விமானங்கள் என்ற கணக்கை எடுத்து நீட்டுவார்கள். ஆட்சிக்கு ஆட்சி அரசியல் சிபாரிசில் ஆள் சேர்த்த பழக்கம் இந்நாட்டின் அரச நிறுவனங்களில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். பட்டியல் நெருக்கப்படும்போது முதலில் வெளியேறுவது வேலை தெரிந்தவர்.

2022இல் அதுதான் நடந்தது. ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360க்கு ஏறியது. ரூபாயில் சம்பளம் எடுத்தவரின் வருமானம் டொலர் கணக்கில் பாதியை நெருங்கி விழுந்தது. எரிபொருள் இல்லாமல் நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போன காலம் அது. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 சதவீதம் ஆனது. வளைகுடா நிறுவனங்கள் விமானிகளையும் பொறியியலாளர்களையும் டொலர் கொடுத்து அழைத்தன. போனார்கள். ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், சம்பளத்தைச் சரிசெய்யுங்கள் என்று விமானிகள் சங்கம் கேட்டது. நிறுவனத்திடம் காசு இல்லை என்றது நிர்வாகம். இரண்டும் உண்மை. விமானியை ஒரு நாளில் உருவாக்க முடியாது; ஓட்ட ஆள் இல்லாத விமானத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்தது இன்னொரு பக்கத்தால் போய்விடுகிறது. பறப்பு தாமதமாகும், ரத்தாகும். கடைசியில் இன்னொரு வழித்தடம் நிற்கும்.

விற்றுவிட்டால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் எயார் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைத்தபோது, ஒரு வருடத்துக்கு எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனைக்குக் கூட வழியில்லாமல், 2019 ஏப்ரலில் அங்கே தனியார் நிறுவனமான ஜெட் எயார்வேஸ் நின்றபோது ஊழியர்கள் சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். ஸ்ரீலங்கனை வாங்க 2024இல் ஆறு தரப்புகள் முன்வந்தன; ஒன்றும் தேறவில்லை. புதிய அரசு நிறுவனத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கத் தீர்மானித்தது. நிறுவனத்தின் 175 மில்லியன் டொலர் கடன்பத்திரம் ஒன்றுக்குத் திறைசேரி ஏற்கெனவே பிணை நின்றிருந்தது. அந்தப் பிணையின் ஒரு நுனி, 18 வீத வற் வரியோடு சவர்க்காரம் வாங்கும் முல்லைத்தீவுக் கடற்தொழிலாளியின் கையில் இருக்கிறது. அவர் விமானத்தில் ஏறியே இராதவராக இருக்கலாம்.

இவ்வளவு கட்டும் வன்னிக்குக் கிடைத்தது என்ன? கிளிநொச்சியிலிருந்து பலாலி விமான நிலையம் 80 கிலோமீற்றர் அளவில். கட்டுநாயக்கா 300 அளவில். இரவிரவாக வான் பிடித்துப் போக வேண்டும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது முதலில் வந்தது இந்தியாவின் அலையன்ஸ் எயார். 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. ஓடுபாதை நீளம் குறைந்தது, சிறிய விமானங்களே இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் இல்லாத மத்தளைக்குப் பறக்கக் காசு இருந்த நாட்டுக்கு, ஆள் இருக்கும் பலாலியின் ஓடுபாதையை நீட்டக் காசு இருக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஒவ்வொரு வழித்தடத்தின் வரவு செலவையும் வருடந்தோறும் பாராளுமன்றத்தில் வையுங்கள். அரசியல் காரணத்துக்காக ஓரிடத்துக்குப் பறக்கச் சொன்னால், அந்தக் கட்டளையை எழுத்தில் கொடுத்து, நட்டத்தை அரசின் கணக்கில் தனியாகக் காட்டுங்கள். அதுவரை, சம்பளம் கூடிவிட்டது என்று ஊழியரைச் சாட்டி வழித்தடத்தை வெட்ட எவருக்கும் உரிமை இல்லை.