ஓசூரும் ஓட்டை ஆட்டங்களும்

2002-ஆம் ஆண்டு, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கு ஜப்பானின் டெமிங் விருது கிடைத்தது. தரத்துக்கான அந்த விருதை ஓர் இருசக்கர வாகன நிறுவனம் வாங்கியது அதுவே முதல் முறை. ஓசூரில் அதன் சூடு சிப்காட் தொழிற்பேட்டையில் நாலு லேத் போட்டுப் பட்டறை நடத்துபவர் வரைக்கும் தெரிந்தது. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுக்கிற சின்னக் கம்பெனியில் அளவு சரிதானா என்று கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு பீஸ் வெளியே போகாது. 'கோ' பக்கம் நுழைய வேண்டும், 'நோ-கோ' பக்கம் நுழையக் கூடாது. நுழைந்துவிட்டால் கழிவுக்கான ரெட் பின். யார் போட்ட பீஸ், எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று மறுநாள் காலை விசாரணை.

அதே வருஷங்களில் அதே ஊர்ப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, எந்தக் கேஜையும் தாண்டாத ஒரு சரக்கோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினார்கள். கம்ப்யூட்டர் கேம். அதிலும் ஆர்பிஜி எனப்படும் ரோல் பிளேயிங் கேம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் ரேஸ் கேமில் ஒரு கோளாறு வந்தால் அந்த ரேஸ் போகும், அவ்வளவுதான். ஆர்பிஜி அப்படி இல்லை. நீங்கள் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ உருவாக்குகிறீர்கள். அவனை லெவல் லெவலாக வளர்க்கிறீர்கள். யாரிடம் எதைச் சொன்னீர்கள், யாரைக் கொன்றீர்கள், யாரை விட்டுவைத்தீர்கள் என்பதையெல்லாம் கேம் நினைவில் வைத்திருக்கும். நாற்பது, ஐம்பது மணி நேரம் ஓடுகிற கதை. ஒரு கிராமத் தலைவர் சாவி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்கெனவே ஓநாய் கடித்துச் செத்திருந்தால்? சாவியை வாங்கிய பிறகு நீங்கள் அதை விற்றுவிட்டிருந்தால்? இப்படி ஆயிரம் கிளைகள். எல்லாக் கிளையிலும் நடந்து பார்க்கச் சோதனை செய்கிறவர்களுக்கு நேரம் இருக்காது. அவர்கள் நடக்காத கிளையில் ஓசூர்க்காரன் ஒருவன் நடப்பான். முப்பத்தெட்டாவது மணி நேரத்தில் கதவு திறக்காது. சேவ் ஃபைல் எல்லாம் வீண்.

பழைய ஆட்டங்களில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 1996-ல் வந்த டாகர்ஃபாலில் சுரங்கத்துக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே தரை வழியாக நழுவி ஒன்றுமில்லாத கறுப்பு வெளியில் விழுந்துவிடுவீர்கள். ஓட்டையை முழுசாக அடைக்க முடியாமல், விழுந்தவர்கள் மேலே ஏறி வர கீபோர்டில் ஒரு விசைச் சேர்க்கையைப் பிற்பாடு பேட்ச் எனப்படும் திருத்தத்தில் கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஒரு பூல் ஆஃப் ரேடியன்ஸ் ஆட்டம் இன்னும் ஒரு படி மேல். கடுப்பாகி அதைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கப் போனால், கூடவே விண்டோஸின் கோப்புகளையும் அழித்துவிடக்கூடியது. இப்படி ஒரு பீஸ் நம் சிப்காட்டிலிருந்து போயிருந்தால் அந்த சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் கிடையாது.

அன்று சிடி வாங்க பெங்களூருதான் போக வேண்டும். ரேம், கிராபிக்ஸ் கார்டு என்றால் எஸ்.பி. ரோடு. கேம் சிடி என்றால் மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட். அசலின் விலை எட்டாது. டூப்ளிகேட் நூறு ரூபாய் சொச்சம். திரும்பி வரும்போது அத்திப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் சரக்கு லாரிகள் எல்லைச் செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும். பையில் மூன்று சிடி வைத்திருப்பவனை யாரும் கேட்கப் போவதில்லை. 2008-ல் ஃபால்அவுட் 3 ஆட்டத்தின் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு இந்தியாவுக்கு வராது, கலாச்சார உணர்வுகள் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆட்டத்தில் வரும் இரட்டைத் தலை மாட்டின் பெயர் 'பிராமின்' என்பதால்தான் என்று பேசிக்கொண்டார்கள். அந்த அறிவிப்பு நேஷனல் மார்க்கெட் வரை எட்டியதாகத் தெரியவில்லை.

டூப்ளிகேட்டில் ஒரு தலைவலி உண்டு. கேம் நின்றுபோனால் குற்றவாளி யார்? கேமைச் செய்தவனா, காப்பி அடித்தவனா, கீறல் விழுந்த சிடியா, நம் வீட்டு சிஸ்டமா? 2006-ல் வந்த டைட்டன் குவெஸ்ட் என்ற ஆர்பிஜியில், திருட்டு நகலாக இருந்தால் குறிப்பிட்ட இடத்துக்குப் போனதும் தானாகவே நின்றுபோகும்படி ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். நகலை ஆடியவர்களுக்கு அது பூட்டு என்று தெரியாது. 'இந்த கேம் ஒரே பக்' என்று உலகம் முழுக்கப் பேர் கெட்டது. அதைச் செய்த அயர்ன் லோர் கம்பெனி 2008 தொடக்கத்தில் மூடப்பட்டது. பேர் கெட்டது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஓர் அடி. நம் தெருவிலும் அதைத் திட்டியவர்கள் இருந்தார்கள். நியாயப்படி அவர்களுக்குத் திட்டும் உரிமை கிடையாது, நூறு ரூபாய்க்கு அவ்வளவுதான்.

பேட்ச் எங்கே கிடைக்கும்? டிஜிட் பத்திரிகையோடு வரும் சிடியில் சில சமயம் இருக்கும். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர். டயல்அப்பில் நூறு எம்பி இறக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல், நடுவில் லைன் போகாமல் இருந்தால். 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. பிறகு வந்த ஒரு பிளானில் ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. ஏஎஸ்டிசி ஹட்கோவிலும் பாகலூர் ரோட்டிலும் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் படிப்பதற்காக எழவில்லை. செகண்ட் ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு வந்தவர்கள் விழித்தே இருந்தார்கள். அப்படி இறக்கிய பேட்சைப் போட்டால் டூப்ளிகேட்டின் பூட்டை உடைக்கும் கிராக் வேலை செய்யாது, அசல் சிடியைப் போடு என்று கேட்கும். பழையபடி ஓட்டை ஆட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு மேல் கரண்ட். 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருஷத்து மின்வெட்டை விளக்க வேண்டியதில்லை. கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பாதி எழுதிய நிலையில் நிற்கும். அடுத்த முறை திறக்காது. யூபிஎஸ் பேட்டரி செத்துப் போய் 'பீப்' அடிக்க மட்டும் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பையனும் எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பையனும் நம்மவனும் வாசலுக்கு வந்து அவரவர் மொழியில் மின்வாரியத்தைத் திட்டுவார்கள். மூன்று மொழியும் மூன்று பேருக்கும் புரியும். ஓசூரின் வசதி அது.

கோளாறு ஒரு பக்கம் என்றால் சமன் இல்லாமை இன்னொரு பக்கம். 2006-ல் வந்த ஆப்லிவியன் பெரிய வெற்றி. ஆனால் அதில் நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். தொடக்கத்தில் தோல் சட்டை போட்டு வழிப்பறி செய்தவன், நீங்கள் பெரிய ஆளான பிறகு விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு சில்லறை கேட்டு நிற்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் உட்கார்ந்து சாப்பிடலாம். சம்பள உயர்வு வந்த மாசமே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவதை இந்த ஊரில் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுசாக இருந்திருக்காது. ஆனால் அதை மறக்கத்தானே கேம் ஆடுவது.

அன்றைய கடுப்புக்கு முகவரி கிடையாது என்பதுதான் முக்கியம். வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் என்று ஓர் ஆட்டம். ட்ரோய்கா என்ற சின்னக் கம்பெனி, இன்னொரு கம்பெனியின் முடிவுறாத மென்பொருளை வைத்துக் கட்டியது. 2004 நவம்பர் 16 அன்று, அந்த மென்பொருளைச் செய்தவர்களின் சொந்த ஆட்டமான ஹாஃப்-லைஃப் 2 வந்த அதே நாளில், ஓட்டை உடைசலோடு கடைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் ட்ரோய்காவே இல்லை. யாரிடம் போய் முறையிடுவது? ஆடியவர்களே உட்கார்ந்து அடைத்தார்கள். இருபது வருஷம் ஆகியும் ரசிகர்களின் பேட்ச் வந்துகொண்டிருந்தது. நான் அறிந்த வரையில் கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்தில் இதைவிட நல்ல ரீவொர்க் நடந்ததில்லை. யாருக்கும் சம்பளமில்லை, ஓவர்டைம் இல்லை.

ஆட்டத்தைச் செய்கிறவர்களும் ஒரு வகையில் கூலிக்காரர்கள்தான். 2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் கோளாறுகளுக்குப் பேர் போனது. அதைச் செய்த அப்சிடியனுக்கு, விமர்சனங்களின் சராசரி மதிப்பெண் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. டார்கெட்டுக்கு ஒரு பீஸ் குறைந்ததால் அந்த மாச இன்சென்டிவ் போனவர்கள் இதைப் படித்தால் அப்சிடியன்காரர்களை மன்னித்துவிடுவார்கள்.

இனி இன்று. 2015 கடைசியில் ஸ்டீம் கடை ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. மறு வருஷம் ஜியோ. பிறகு வீட்டுக்கு வீடு ஃபைபர். இன்று 150 ஜிபி ஆட்டத்தை நூறு எம்பிபிஎஸ் லைனில் மூன்றரை மணி நேரத்துக்குள் இறக்கலாம். நேஷனல் மார்க்கெட் போகிற வேலை இல்லை. தொழிற்சாலையில் ஐடிஐ முடித்துச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன் மூவாயிரம் ரூபாய் கொடுத்து அசல் ஆட்டம் வாங்குகிறான். அவனுக்கு இப்போது திட்டும் உரிமை முழுசாக இருக்கிறது. அதனால்தான் இன்றைய கடுப்பு அன்றையதைவிடக் காட்டமாக இருக்கிறது.

2020 டிசம்பர் 10. சைபர்பங்க் 2077. எட்டு வருஷமாக ஆசை காட்டி, எண்பது லட்சம் பேரிடம் முன்பதிவு வாங்கி வந்த ஆட்டம். பழைய பிஎஸ்4-ல் அது ஓடவில்லை, நொண்டியது. மனிதர்கள் காற்றில் நின்றார்கள், கார்கள் தரைக்குள் புதைந்தன. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது. மறு வருஷம் ஜூனில்தான் கடைக்குத் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 என்ற பேட்சில் வீரனின் திறமைகள் எப்படி வளரும் என்ற விதியையே மாற்றி எழுதினார்கள். இன்று அதை வாங்கி ஆடுபவன் நல்ல ஆட்டம் என்கிறான், அது உண்மை. முதல் நாள் முழு விலை கொடுத்தவன் மூன்று வருஷம் இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தான், அதுவும் உண்மை.

பால்டர்ஸ் கேட் 3 இதையே வெளிப்படையாகச் செய்தது. 2020 அக்டோபரில் கதையின் முதல் பகுதியை மட்டும் முழு விலைக்கு விற்று, 'இது முடியாத பொருள், ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்' என்றது. முழு ஆட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அப்போதும் முதல் பெரிய பேட்சில் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள். அந்த வருஷத்தின் பெரிய விருதுகளையும் அதுவே வாங்கியது. எனக்கு இந்த வழியில் ஆட்சேபணை இல்லை. அரைகுறை என்று லேபிள் ஒட்டி விற்பது மோசடி ஆகாது. லேபிள் இல்லாமல் அரைகுறையை விற்கிறவர்கள்தான் பிரச்சினை, அவர்கள்தான் அதிகம்.

பேட்ச் என்பது அன்று பிழைக்குப் பிராயச்சித்தம். இன்று அது திட்டத்திலேயே எழுதியிருக்கிறது: முதலில் அனுப்பு, அப்புறம் அடை. இந்தப் பழக்கம் கேமோடு நிற்கவில்லை என்பதுதான் நம் மாவட்டக் கதை. போச்சம்பள்ளி ஓலா தொழிற்சாலையின் ஸ்கூட்டர்கள் 2021 டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்குப் போக ஆரம்பித்தன. க்ரூஸ் கன்ட்ரோல், வழிகாட்டி வரைபடம் போன்ற வசதிகள் அப்போது வேலை செய்யவில்லை. மென்பொருள் அப்டேட்டில் பிறகு வரும் என்றார்கள். 2022 ஜூனில் மூவ்ஓஎஸ் 2 என்ற பெயரில் வந்தன. டெமிங் விருது வாங்கிய மாவட்டத்தில், ஓடுகிற வண்டிக்கே பேட்ச்! கேம் ஆடிப் பழகிய பையன்களுக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அவர்களின் அப்பாக்களுக்குத்தான் புரியவில்லை. வண்டியை முழுசாகச் செய்துவிட்டுத்தானே விற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி சரியாகவே படுகிறது.

மொபைல் ஆட்டங்கள் தனிக் கதை. அன்று சமன் இல்லாமை செய்தவர்களின் அஜாக்கிரதை. இன்று பல மொபைல் ஆர்பிஜிகளில் அதுதான் வியாபாரம். 2022-ல் வந்த டயாப்ளோ இம்மார்ட்டலைத் திட்டாத விமர்சகர் குறைவு; காசு கொட்டியவன் வாள் வெட்டும், கொட்டாதவன் வாள் கீறும். இந்த வகை ஓட்டைக்கு பேட்ச் வராது, அது ஓட்டையாகவே வடிவமைக்கப்பட்டது.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீமில் வாங்கிய இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆர்பிஜியில் மூக்கும் முடியும் தேர்ந்தெடுத்து, முதல் குகையை விட்டு வெளியே வருவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் ஓடிவிடும். கோளாறு கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். ஆகவே முன்பதிவு செய்யாதீர்கள். வெளியான நாளில் வாங்காதீர்கள். ஒரு வருஷம் பொறுத்தால் பேட்சும் வந்திருக்கும், விலையும் பாதியாகியிருக்கும்.