அளவான பணத்தில் ஒரு விளையாட்டுக் கணினி

ஐதராபாத் நகரத்து மாதாப்பூரில் 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் அப்பகுதி கணினித் தொழிலின் பேட்டையாயிற்று. அங்குப் பணியை நாடிச் சென்ற தமிழ் இளைஞர் பலர். பகலெல்லாம் அலுவலகக் கணினியின் முன் அமர்ந்திருக்கும் அவர்கள், இரவில் விளையாடவும் ஒரு கணினியை விரும்புவது ஏன் என்று பெரியோர் வினவலாம். மதுரையிலுள்ள தம்பியும் சென்னையிலுள்ள தோழனும் இணையத்தின் வழியே ஒரே ஆட்டத்தில் வந்து கூடுகின்றனர். திண்ணையில் தாயம் உருட்டிய உறவே இன்று திரையில் தொடர்கிறது.

ஆயினும் அறை வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது சிறிதே. அதனைக் கொண்டு உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணினியைத் தாமே பூட்டிக்கொள்ள விழைவோர், எதில் செலவிடுவது, எதில் சுருக்குவது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் திரை. 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 என்னும் திரையிலோ ஏறத்தாழ 37 லட்சம். ஆட்டம் நெருடலின்றி ஓட, இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையேனும் புதிதாய் வரைதல் நலம். பெரிய திரையை முதலில் வாங்கிவிட்டால், அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டுக்கும் கடன்பட நேரும். குறைந்த பணம் உடையவருக்கு முதல் அளவே போதுமானது.

ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்கிடுவது பிராசஸர். அதனைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. பந்தியில் சமையற்காரர் எவ்வளவு விரைந்து சமைத்தாலும், பரிமாறுவோர் இருவரே எனின் இலைகள் காத்துக் கிடக்கும் அன்றோ? அதுபோல, விலையுயர்ந்த பிராசஸரையும் எளிய கார்டையும் இணைப்பதால் பயனில்லை. திரை நீங்கலாக 70,000 ரூபாய் கையிலிருப்பின், அதில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகவே கார்டுக்கு ஒதுக்கலாம். பிராசஸர் நடுத்தரமானதாக இருந்தால் போதும்.

பிராசஸரைத் தேர்பவர் அது அமரும் சாக்கெட்டையும் நோக்குதல் வேண்டும். ஏஎம்4 என்னும் சாக்கெட் 2017 முதல் ரைசன் பிராசஸர்களுக்கு உதவி வந்தது; அதற்கு டிடிஆர்4 ரேம் பொருந்தும். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். முன்னது விலை மலிவு. பின்னது நாளை மேலான பிராசஸரை ஏற்க இடந்தருவது. ரேமை 16 ஜிபி அளவில் ஒரே துண்டாக வாங்குவதினும், 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குதல் நன்று. இரு வழியாகத் தரவு பாய்வதால் வேகம் கூடும்.

இனி, பலர் தவறிழைக்கும் இடத்திற்கு வருவோம். அது மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ். அது ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆதலால் அதில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சப்படுத்த மனம் தூண்டும். நடுத்தரக் கார்டு 115 முதல் 165 வாட் வரையும், பிராசஸர் 65 வாட் அளவிலும் கொள்ளும். நல்ல தயாரிப்பான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இவற்றைத் தாராளமாகத் தாங்கும். கேபினட்டுடன் இனாமாக வரும் மலிவான பெட்டியோ, மேலே எழுதிய அளவைத் தராமலே பழுதாகக்கூடும். பழுதாகும்போது கார்டையும் மதர்போர்டையும் உடன் கொண்டு போகவும் கூடும். வாடகை அறையின் மின் துளையில் எர்த் இணைப்பு உண்டா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்க. கோடையில் 40 பாகை தாண்டும் ஊராதலின், கேபினட்டின் முகப்பு கண்ணாடியாய் இராமல் வலையாய் இருத்தல் நலம்.

சென்னைக்கு ரிச்சி தெரு எவ்வாறோ, அவ்வாறே ஐதராபாத்தாருக்குச் செகந்தராபாத் பார்க் லேனிலுள்ள சினாய் டிரேட் சென்டர். மாதாப்பூரில் மெட்ரோ ஏறினால், இடையில் வண்டி மாறாமல் பாரடைஸ் நிலையத்தில் இறங்கி அங்குச் செல்லலாம். இணையக் கடைகளின் விலையைக் குறித்துக்கொண்டு செல்க. ஜிஎஸ்டி பில்லும், அதில் ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பெறாமல் திரும்பற்க.

பழைய கார்டு வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஈதேரியம் என்னும் மின்நாணயம் 2022 செப்டம்பரில் கார்டுகளால் கணக்கிடும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் உழைத்த கார்டுகள் பழைய பொருட்சந்தைக்கு வந்தன. எனவே அரைமணி நேரமாவது ஆட்டத்தை ஓட்டிப் பார்த்து, வாரண்டி எஞ்சியுள்ளதா என்றும் கண்டு பின்னரே பணம் தருக.

விலைகள் நிலையானவை அல்ல. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான நிலையங்களின் தேவை பெருகியதால் ரேம் விலை மிக ஏறியது. ஆதலால் பழைய விலைப்பட்டியலை நம்பாமல், எதற்கு எவ்வளவு என்னும் விகிதத்தையே மனத்திற் கொள்க. பணம் போதவில்லையாயின், படம் வரையும் ஆற்றலும் உள்ளடங்கிய பிராசஸரை வாங்கி, எளிய ஆட்டங்களோடு இவ்வாண்டைக் கழிக்கலாம். கார்டை அடுத்த ஆண்டு சேர்க்கலாம். பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்துடைய இன்டெல் பிராசஸர்களில் அவ்வசதி இல்லை என்பதை மறவற்க.

பின்னர் சேர்க்கக் கூடியதில் சிக்கனம் காட்டுக; பழுதானால் பிறவற்றையும் கெடுப்பதில் சிக்கனம் வேண்டா. தாமே பூட்டிய கணினியின் நன்மை, அது சிறிது சிறிதாக வளரக் கூடியது என்பதே. கடனின்றி வாங்கிய எளிய கணினியில் ஆடினாலும், எதிர்முனையில் கேட்பது அதே தம்பியின் குரல்தான்.